ஊருக்கே தெரிந்த மச்சான்

போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். வவுனியாவில் அப்போதுதான் டொக்டராகச் சேர்ந்திருந்தேன். மலேரியாவுக்கு மருந்து தோய்த்த நுளம்புவலை எவ்வளவு உதவுகிறது என்று முல்லைத்தீவுப் பக்கம் அலைந்து, நானும் பெரிய டொக்டரும் எழுதிய கட்டுரை வெளிநாட்டு மருத்துவ இதழில் வந்துவிட்டது! அச்சில் என் பெயரைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் காட்டித் திரிந்தேன்.

ஆறுதலாக இருந்து வாசிக்கும்போதுதான் கடைசி வரியைப் பார்த்தேன். எழுதியவர்களுக்கும் சோதித்த பொருளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லையாம். எனக்குப் பகீரென்றது. வலைகளைச் சும்மா தந்தவர் பெரிய டொக்டரின் மனைவியின் தம்பி. அந்த வலைக் கம்பனியின் வன்னி ஏஜென்ட்!

பெரிய டொக்டரிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

“அது ஊருக்கே தெரிஞ்ச விசயமெல்லே பிள்ளை? அதை ஏன் எழுதுவான்?” என்றார்.

மனிதர் ஒளிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான், எல்லாருக்கும் தெரிந்த உறவை யாரும் எழுதிக்கொண்டிருப்பதில்லை.

“சேர், வெளிநாட்டில வாசிக்கிறவனுக்கு உங்கட மச்சானைத் தெரியுமே?”

அவர் முகம் வெளிறிவிட்டது. “பொய் சொன்னனாங்கள் எண்டு கட்டுரையையே தூக்கிப் போட்டாங்களெண்டால்?”

எனக்கும் அந்தப் பயம்தான். “அவங்களாக் கண்டுபிடிச்சால் ரெண்டு பேற்ற பேரும் நாறிப்போம், சேர். நாங்களே சொல்லுவம்.”

சொன்னோம். மச்சான் முடிவுகளை முன்கூட்டியே பார்த்தாரா என்று இதழிலிருந்து கேட்டார்கள். பார்க்கவேயில்லை. நாலு தரம் கழுவினால் வலையில் மருந்து நிற்காது என்று நாங்கள் எழுதியதை அச்சில் பார்த்துவிட்டு, மனிதர் கோபத்தில் அக்கா வீட்டு வாசலை மிதிப்பதையே விட்டிருந்தார். அதையும் எழுதி அனுப்பினோம்.

பிறகு காத்திருப்பு. இன்டர்நெட் கடைக்காரருக்கு என்னைக் கண்டாலே அலுத்துவிட்டது. கடைசியில் பதில் வந்தது: கட்டுரை அப்படியே இருக்கும், உறவைச் சொல்லும் திருத்தம் அடுத்த இதழில் வரும். “ஐயோ, தப்பினம்!” என்று நான் கத்தியதில் பக்கத்துக் கதிரைக்காரர் எழும்பியே விட்டார்.

திருத்தம் அச்சானதும் மச்சான் தானாகவே எங்கள் அறைக்கு வந்தார். பெரிய டொக்டர் பதறி எழுந்தார்.

“அத்தான், மனுசியின்ர தம்பி எண்டு போட்டிருக்கினம். அப்பிடியிருந்தும் என்ர வலையைக் குறை சொல்லியிருக்கிறியள். இனி வலை மலேரியாவைக் குறைக்குது எண்டு நீங்கள் எழுதினதையும் ஆர் நம்பாமல் விடுவினம்?” என்று சிரித்தார்.

பெரிய டொக்டர் ஒரு கதிரையை இழுத்து மச்சானுக்குப் போட்டார்.