அக்கா வீட்டு விரிசல்

ஆள் ஒல்லி, பெயர் குண்டு மேஸ்திரி. சட்டைப் பையில் எந்நேரமும் தூக்குக்குண்டு இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிப்பதற்கு முன் அதைத் தொங்கவிட்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிடுவார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். இன்று அவர் கம்பெனி ஒரே சமயத்தில் மூன்று அடுக்குமாடிகளை எழுப்புகிறது. ஆனாலும் மனம் போய் நிற்பதென்னவோ முதன்முதலில் கட்டிய வீட்டில்தான். அது அவர் அக்கா வீடு.

சமைத்துக்கொண்டே தெருவில் வருகிற தம்பியைப் பார்க்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். அதற்காகவே சமையலறை ஜன்னலைத் தெருப்பக்கம் வைத்தார். வேலை அவசரத்தில் ஜன்னலுக்கு மேலே சுவர்ப் பாரத்தைத் தாங்கும் லிண்டலைச் சுவருக்குள் சரியாக உட்காரவைக்காமல் விட்டுவிட்டார். சில மாதங்களில் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடியது. மழையில் தண்ணீர் உள்ளே இறங்கியது. சரிசெய்ய ஓடிவந்தவரை அத்தான் வாசலிலேயே நிறுத்தி, வேறு மேஸ்திரிக்குச் சொல்லியாயிற்று என்றார். இவருக்கும் ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. திரும்பியவர் திரும்பியவர்தான்.

வருடங்கள் ஓடிவிட்டன. அத்தானின் கோபம் என்றைக்கோ ஆறியிருக்கலாம். போய்ப் பார்த்தால்தானே தெரியும்? சிமெண்ட் வாங்குகிற சாக்கில் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவார். ஜன்னலில் விளக்கு எரிந்தால் வண்டியை மெதுவாக்குவார், நிறுத்த மாட்டார். அக்கா கையால் ஒரு வாய் சாப்பிட மனிதர் எப்படி ஏங்கினார் என்பது அந்த வண்டிக்குத்தான் தெரியும்.

வீடு வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்கிறார்கள். அஸ்திவாரம், தூண், கூரை ஆகியவற்றில் கட்டுமானக் குறை தெரிந்தால் பத்து வருடம் வரை செலவை ஏற்கிற காப்பீடு. அதை விளக்க வந்த ஆலோசகர் அம்மா இரண்டு திட்டங்களைச் சொன்னார். ஒன்றில், முதல் சில வருடங்கள் புகார் வந்தால் கட்டியவரே போய்ச் சரிசெய்ய வேண்டும். மற்றதில் முதல் நாளிலிருந்தே எல்லாம் காப்பீட்டுக்காரர்கள் பாடு.

“சாவியைக் குடுத்ததோட சரி சார். அப்புறம் ஒருத்தரும் உங்களைக் கூப்பிடவே மாட்டாங்க,” என்றார் பெருமையாக.

அலுவலகத்தைக் கவனிக்கும் மகளுக்கு இரண்டாவதுதான் பிடித்தது. வளர்கிற கம்பெனி பழைய வீடுகளுக்கே ஆள் அனுப்பிக்கொண்டிருந்தால் புது வேலை என்னாவது என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் ‘கூப்பிடவே மாட்டாங்க’ என்றது மேஸ்திரிக்குச் சுருக்கென்று தைத்தது. ரொம்ப நாளைக்கு முன் கட்டிய வீட்டையும் இதில் சேர்க்கலாமா என்று கேட்டுப் பார்த்தார். அஸ்திவாரத்திலிருந்தே எங்கள் ஆள் பார்த்திருக்க வேண்டும், முடியாது என்றுவிட்டார் அந்த அம்மா.

“மொதல் திட்டமே இருக்கட்டும்,” என்றார் மேஸ்திரி. “தப்பு நம்மளுதுன்னா நாமதான் போய் நிக்கணும்.”

ஆலோசகர் கிளம்பியதும் மகள் மெதுவாகக் கேட்டாள். “அப்ப அத்தை வீட்ல எப்பப்பா போய் நிக்கப் போறீங்க?”

 அன்று சாயங்காலமே மேஸ்திரி பூச்சுக் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். இந்த முறை வண்டியை நிறுத்தினார்.

தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. ஜன்னல் தன் வேலையைச் செய்திருந்தது. அத்தான் வெளியூர் போயிருந்தார். அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. மேஸ்திரி நேரே சமையலறைக்குப் போய் ஜன்னல் மூலையைத் தடவினார். விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. வேறொருவரின் கைவேலை, குறை சொல்ல முடியாது. கரண்டியை வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது.

“இப்ப தண்ணி உள்ள வருதாக்கா?”

“அது அப்பவே நின்னுபோச்சு,” என்றாள் அக்கா. “நீ வர்றதும்தான்.”