மனோகரி எதையும் தியாகம் செய்யவில்லை

மனோகரி அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பிதான் தொலைபேசியில் சொன்னார். செத்தவீடு முடிந்ததும், கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் என்னை மறித்தார். "முப்பத்தொராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம். நீங்களும் எழுதித் தாங்கோ. அம்மாவுக்காகக் கலியாணமே கட்டாமல் தியாகம் செய்தவ எண்டு வரோணும். அந்த சைக்கோலொஜிக் கதையள் வேண்டாம்."

அந்தக் கதைகள்தான் அக்காவின் வாழ்க்கை. விக்டோரியா காலத்து ஆங்கில நாவல்களின் பாத்திரங்களை உளப்பகுப்பாய்வு வழியாக வாசிக்கக் கற்பித்தவர் அவர். வெள்ளவத்தையில் நாங்கள் இருவரும் படிப்பித்த தனியார் கல்லூரியில், மயங்கி விழும் நாயகி, ஓயாத தலைவலிக்காரி, ஊருக்கெல்லாம் உழைத்துத் தேயும் கலியாணமாகாத சித்தி என்று யாரைப் பற்றிய பாடமானாலும் அவரிடம் ஒரே கேள்விதான்: "இவ வாயால சொல்லாமல் எதை விழுங்கினவ?" விழுங்கிய ஆசையும் கோபமும் உடம்பு வழியாக வெளியே வந்தே தீரும் என்பார்.

ஒரு கருத்தரங்கில் மூத்த விரிவுரையாளர் ஒருவர் மேசையில் தட்டினார். "காகிதத்தில இருக்கிற பொம்பிளைக்கு ஆழ்மனம் எங்கால?" அக்கா அசரவில்லை. "காகிதத்துக்கு இல்லை, சேர். எழுதினவருக்கும் வாசிக்கிற உங்களுக்கும் இருக்கு. இல்லாட்டி உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருது?" மனிதர் தேநீருக்குக்கூட நிற்கவில்லை.

வீட்டில் பேசிவந்த கனடா மாப்பிள்ளையை வேண்டாம் என்ற கதையையும் அவரே கொழும்பின் காலி வீதியிலிருந்த தேநீர்க் கடையில், ரோல்ஸைக் கடித்தபடி சொன்னார். "தியாகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்குக் கலியாணத்தில விருப்பமில்லை. அம்மாட்ட நேரச் சொன்னனான். கொஞ்ச நாள் கதைக்காமல் இருந்தவ, பிறகு சரியாயிட்டா. நாவல்ல அந்தச் சித்திமாரை ஏன் தியாகி எண்டு புகழுறாங்கள் தெரியுமோ? புகழ்ந்திட்டா, உனக்கு என்ன விருப்பம் எண்டு கேக்கத் தேவையில்லையெல்லே."

இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். தம்பி திருப்பி அனுப்பிவிட்டார். மலர் என் கட்டுரை இல்லாமலே வந்தது. தேவாரம், வம்சாவளி, நடுவே அக்காவின் படத்துக்குக் கீழே "தியாகச் சுடர்". எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை அறிந்த உங்களுக்காக இதை இங்கே, முகநூலில் எழுதுகிறேன். தம்பி கோபித்தால் கோபிக்கட்டும்.

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு கேள்விதான். மலரைக் கையில் வைத்துக்கொண்டு அதே கேள்வியை அவரைப் பற்றியே கேட்டுப் பார்த்தேன். அவர் எதையும் விழுங்கவில்லை. வேண்டாததை வேண்டாம் என்று பெற்ற தாயின் முகத்தைப் பார்த்தே சொன்னவர்.

இந்த முறை நானும் விழுங்கவில்லை, அக்கா.