மஞ்சள் வைத்த பாஸ்போர்ட்

எங்கள் வீட்டில் மஞ்சள் படாமல் எந்தப் புதுத் தாளும் வாசல் தாண்டாது. கல்யாணப் பத்திரிகை, தேர்வு முடிவு, கார் வாங்கிய பத்திரம் என்று எதுவானாலும் அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைப்பாள். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் தனி விதி. மேல் அட்டையில் வைக்கலாம். உள்ளே வைக்கக் கூடாது.

அந்த விதி பிறந்த கதையை அப்பா சொல்லாத விருந்தே கிடையாது. அப்பா லாரி ஓட்டுபவர். சரக்கேற்றிக்கொண்டு எல்லை தாண்டித் தாய்லாந்து போய் வருவார். ஒருமுறை அம்மா அவர் பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்திலேயே மஞ்சளை அப்பிவிட்டாள். எல்லையில் மெஷின் அதைப் படிக்கவில்லை. லாரியோடு திரும்பி வந்தார். "சாமி கும்பிட்டு அனுப்புனா, சாமியே திருப்பி அனுப்பிருச்சு லா!" என்று கையைத் தட்டிச் சிரிப்பார். அம்மா வெட்கப்பட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

எனக்கு இங்கிலாந்தில் படிக்க இடம் கிடைத்ததை எங்கள் ஊர் கரங்கான் முழுக்கச் சொல்லித் திரிந்ததும் அப்பாதான். மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனாலும் அதே பேச்சு. எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

விசா விண்ணப்பப் பாரத்தோடு இரண்டு வாரம் மாரடித்தேன். காசநோய் இல்லை என்று சான்றிதழ் வாங்கினேன். பினாங்கில் கைரேகை கொடுக்கத் தேதி கிடைத்தது. அதைத் தவறவிட்டால் வகுப்பு தொடங்குவதற்குள் விசா வராது, இடம் போய்விடும். இது அப்பாவுக்கும் நன்றாகத் தெரியும். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டதே அவர்தான்.

முதல் நாள் மாலை பாஸ்போர்ட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். காலையில் எடுத்தபோது அட்டையின் மூலைகளில் மஞ்சள் இருந்தது. அம்மாவின் வேலை என்று நினைத்து அப்படியே பையில் போட்டுக்கொண்டேன். திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

விசா மையத்தின் கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். அவள் படப் பக்கத்தைத் திறந்தாள். என் முகத்தின் மேலும், அடியில் இருக்கும் எண் வரிசையின் மேலும் எண்ணெயில் குழைத்த மஞ்சள். துடைத்தாள், மெஷினில் வைத்தாள், மறுபடியும் துடைத்தாள். கறை போகவில்லை.

"பாஸ்போர்ட் ரோசாக் ஆயிருச்சு, தங்கச்சி, கெட்டுப்போச்சு. மெஷின் படிக்கல. புதுசு எடுத்துட்டுத்தான் வரணும்."

புதுப் பாஸ்போர்ட் என்றால் புது எண். பல்கலைக்கழகக் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு நாள் இல்லை. என் இடம் அந்தக் கவுண்டரிலேயே போய்விட்டது.

வெளியே அப்பாவும் அம்மாவும் காத்திருந்த காரில் ஏறியதும் அம்மாவின் மேல் பாய்ந்தேன். "ஒங்களுக்கு எத்தன தடவ சொல்றது? கொஞ்சமாச்சும் அறிவு வேணாமா?"

அம்மா அழுதாள். "நான் வெளியதாம்மா வச்சேன். உள்ள வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

அந்த இடத்தில் அப்பா தன் லாரிக் கதையை எடுத்திருக்க வேண்டும். வாயே திறக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் மஞ்சள். பூசைச் சாமான் பக்கமே போகாத மனுஷன்.

"அப்பா, நீங்களா?"

விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். பிறகு, "அங்க போயி ஒனக்கு ஒன்னுன்னா யாரு இருக்கா? பக்கத்துல கூலிம்ல இல்லாத காலேஜா?" என்றார்.

"வேணாம்னு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ கேப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன், ஒருவேளை தோற்றும் இருப்பேன். அதையெல்லாம் மன்னித்திருக்க முடியும். இது நம்பவைத்துக் கழுத்தறுத்த காரியம். அதையும் அம்மாவின் மஞ்சளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு செய்தார்.

அந்தத் தீபாவளிக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள். ஏன் நான் போகவில்லை என்று அத்தை கேட்டார். அப்பா கையைத் தட்டினார். "அத ஏன் கேக்குற? இவ மறுபடியும் உள்ள மஞ்சள் வச்சிட்டா லா!" எல்லாரும் சிரித்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மறுக்கவில்லை. சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு முறுக்குத் தட்டை எடுத்து நீட்டினாள்.

இப்போது கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அடுத்த ஆண்டுக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். புதுப் பாஸ்போர்ட் தொழிற்சாலை லாக்கரில் இருக்கிறது. சாவி என் கழுத்தில்.

போன வெள்ளிக்கிழமை அம்மா கேட்டாள். "கொண்டாயேன்மா, வெளிய மட்டும் தொட்டு வைக்கிறேன்."

கொண்டுபோகவில்லை.