‘வாரேன்’ என்று தட்டிய விரல்

பழைய ஸ்கூட்டர் பேட்டரியின் அமில நெடியும், பனியில் நனைந்த வேப்பிலையின் கசந்த மணமும் கலந்து வரும் மாலைதான் என் இளமையின் ஞாயிற்றுக்கிழமை. நாட்டின் தலைநகரில், கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில், தொலைவில் இருப்பவர்களோடு பேசும் தம் ‘ஹாம் ரேடியோ’ப் பெட்டியை அப்பா இயக்கினால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் படம் கோடுகோடாய்ச் சிதறும். “பாயி சாப், கதாநாயகி அழத் தொடங்கினால் உங்கள் டிக்டிக் அல்லவா கேட்கிறது” என்று அவ்வீட்டுப் பஞ்சாபி ஆண்ட்டி இந்தியில் நொந்துகொண்ட பின், அப்பா பெட்டியையும் அதற்கு மின்சாரம் தரும் பேட்டரியையும் சுமந்துகொண்டு எதிர்ப் பூங்காவுக்குப் போகலானார்.

கல் கட்டிய கயிற்றை வேப்பங்கிளைமேல் எறிந்து ‘ஏரியல்’ கம்பியை ஏற்றுவார். கயிற்றின் கீழ்முனை என் கையில். அம்பாசமுத்திரத்தில் இன்னொரு பெட்டியின் முன் காத்திருப்பவர், பட்டாளத்தில் அப்பாவுடன் தந்தி பழகிய ஆவுடையப்பன் மாமா. குறிலும் நெடிலுமாய் ஒலிக்கும் தந்திக் குறிகளே அவர்கள் பேச்சு. அம்மா ஓதுவித்த பதிகங்களின் சந்தத்தில் வளர்ந்த என் செவி அவற்றை எளிதில் பற்றிக்கொண்டது.

பேச்சு முடிந்ததென அறிவிக்க இரண்டெழுத்துப் பொதுக்குறி ஒன்று உண்டு. மறைந்துபோன வானொலியாளரையும் அதே இரண்டெழுத்தால்தான் குறிப்பார்கள். அதையறிந்த அம்மா, “போறேன்னே சொல்லப்படாது, நீங்க முடிஞ்சுபோச்சுன்னுல்லா தட்டுதீய” என்று கடிந்தாள். அன்று முதல் இருவரும் அக்குறியை விடுத்து, ஆங்கில எழுத்துகளில் ‘வாரேன்’ என்று தட்டியே விடைபெற்றனர்.

ஒரு குளிர்காலத்தில் மாமாவுக்கு நெஞ்சுவலி என்று செய்தி வந்தது. அடுத்த ஞாயிறும் அவர் ஒலியலையில் வந்தார். எழுத்துகள் தளர்ந்து விழுந்தன. இறுதியில் அந்த முடிவுக்குறியையே தட்டினார்.

“என்னவே, கை தவறிட்டா?” என்று எதிரே நிற்பவரிடம் போலக் கேட்டுவிட்டு, அப்பா மீண்டும் மீண்டும் ‘வாரேன்’ என்று தட்டினார். பெட்டியில் இரைச்சல் மட்டும் வந்தது. “ஏளா, கயித்த விட்றாத” என்றார் என்னிடம். இருட்டும்வரை பிடித்திருந்தேன்.

அந்த வாரமே மாமா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. மாமா கைதவறித் தட்டினாரா, தெரிந்தே தட்டினாரா என்பதை அப்பா கடைசிவரை முடிவுசெய்யவில்லை. ஞாயிறுதோறும் பூங்காவில் யார் யாரிடமோ பேசிவிட்டு, பெட்டியை மூடுமுன் யாருமில்லா வெளியை நோக்கி ஒரு ‘வாரேன்’ தட்டுவார்.

அந்தக் குடியிருப்பு இன்று அடுக்குமாடிகளாகிவிட்டது. வேம்பும் இல்லை, அப்பாவும் இல்லை. சென்ற ஞாயிறு ஜனக்புரிப் பூங்காவில், சில இளைஞர்கள் ஏரியலாக மடக்குக்கோல் ஒன்றை ஊன்றி, உள்ளங்கையளவுப் பெட்டியில் தட்டிக்கொண்டிருந்தனர். முழங்கால் வலியோடு நின்று கேட்டேன். முடிவுக்குறி ஒலித்தது. அதற்கு மேலும் ஏதோ வருமென்று நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“கதம் ஹோ கயா, ஆண்ட்டிஜி” என்றான் ஒருவன். முடிந்துவிட்டதாம்.

வீடு வந்து விளக்கேற்றிப் பதிகம் ஓதி எழுகையில், சுவாமியிடம் வழக்கம்போல் ‘வாரேன்’ என்றேன். இப்போதெல்லாம் நான் அதை விடைபெறுவதற்காகச் சொல்வதில்லை; வரத்தான் போகிறேன் என்று சொல்கிறேன்.