போர்வைக்குள் வந்த மதர்போர்ட்

கிண்ணியாவை ஒட்டிய குறிஞ்சாக்கேணியில் ஸஹ்ராவுக்கு என்ன வேலை என்று கேட்டால் பாதிப்பேர் "கொம்பியூட்டரில வீடு கட்டுறவ" என்பார்கள். மீதிப்பேருக்கு அவள் பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படம் பார்க்கிறவள். அந்த மீதிப்பேருக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. எங்கோ ஒரு நாட்டில் யாரோ கட்டப்போகும் வீட்டின் வரைபடம் மின்னஞ்சலில் வரும். அதை வைத்து, கட்டி முடித்தபின் அந்த வீடு வெயிலில் எப்படி நிற்கும், பின்னேரம் யன்னலுக்குள் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று புகைப்படம் எடுத்ததுபோலவே ஆக்கிக் கொடுப்பாள். கதிரை, திரைச்சீலை, வாசலில் கழற்றிவிட்ட செருப்பு உட்பட எல்லாம் அதில் இருக்கும். திருகோணமலைத் தொழில்நுட்பக் கல்லூரியில் படம் வரையப் படித்தவள், மிச்சத்தைக் காணொளி பார்த்துத் தானே பழகிக்கொண்டாள்.

முப்பத்து மூன்று வயது. கணவன் றிப்தி கட்டாரில் ஏ.சி. திருத்துபவன். மகள் ஜுமானாவுக்கு ஏழு வயது. அந்த ஏழு வருசத்தில் வாப்பாவும் மகளும் ஒரு கூரையின் கீழ் இருந்தது எல்லாமாகப் பதினான்கு மாதம். அதிலும் முதல் இரண்டு மாதம் பிள்ளைக்குக் கண்ணே சரியாகத் தெரியாத காலம். இதை ஸஹ்ரா யாருக்கும் சொல்லி அழுததில்லை. ஊரில் வீட்டுக்கு வீடு இதே கதைதான், யாரிடம் போய் அழுவது?

அந்த வருசம் பங்குனியில் மெல்பேர்னில் உள்ள ஒரு நிறுவனம் அவளைச் சோதித்துப் பார்க்க ஒரு வேலை அனுப்பியது. ஆறு மாடிக் குடியிருப்பு, சுற்றிவரத் தோட்டம். சொன்ன திகதிக்குள் படங்கள் சரியாக வந்தால் ஒரு வருசத்துக்கு மாதாமாதம் வேலை. ஸஹ்ரா அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் சும்மா நின்றாள். இது கிடைத்தால் லீவில் வரப்போகிற றிப்தி திரும்பிப் போகத் தேவையில்லை. அந்த நினைப்பே அவளுக்குப் பயமாக இருந்தது. கிடைக்காமல் போனால் இரண்டு பேருக்கும் அல்லவா ஏமாற்றம் என்று, அவனுக்குக்கூட அதைச் சொல்லவில்லை.

சிக்கல் என்னவென்றால் அவளிடமிருந்த கணினி அந்தக் கோப்பைத் திறக்கவே மறுத்தது. சின்ன வேலைக்கே ஒரு படத்துக்கு ஒன்பது மணித்தியாலம் எடுக்கும், எட்டாவது மணியில் சூடேறி அணைந்துபோகும். அது முதலாளிக்குப் பயப்படாத கூலிக்காரன். புதிதாக ஒன்றைப் பொருத்தத்தான் வேண்டும். புரொசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் ரேமும் ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டாள். மிச்சம் நின்றது மதர்போர்ட். மற்ற எல்லாவற்றையும் தாங்குவதும் மின்சாரம் பிரித்துக் கொடுப்பதும் அதுதான். அது மட்டமாக இருந்தால் மேலே பூட்டும் விலைகூடிய சாமான் எல்லாம் அரைவாசி வேகத்தில்தான் ஓடும்.

பாலம் தாண்டித் திருகோணமலை ரவுணில் கணினிக் கடைக்குப் போனாள். கடைக்கார ஸப்வான் ஒரு பெட்டியை இறக்கி வைத்தான்.

"ராத்தா, இதைப் பாருங்க. ஏழு கலர்ல லைட் எரியும். புள்ளைகள் எல்லாம் இதைத்தான் கேக்குதுகள்."

"எனக்கு அதில கலியாணம் நடத்துற யோசனை இல்ல தம்பி. எட்டு மணித்தியாலம் ஒரே மூச்சில ஓடினாச் சூடு தாங்குமா?"

"தாங்கும், தாங்கும்."

"அப்ப கரண்ட் பிரிச்சுக் குடுக்கிற இடத்துக்கு மேல சூட்டை இழுக்கிற தகடு ஏன் இவ்வளவு மெல்லிசாக் கிடக்கு?"

ஸப்வான் பெட்டியைத் திரும்ப ஏற்றி வைத்தான். அதற்குப்பிறகு அவளிடம் லைட் கதை எடுக்கவில்லை.

மூன்று கிழமை தேடினாள். தடித்த தகடு வேண்டும், ரேம் பூட்ட நாலு இடம் வேண்டும், இரண்டு கார்டுக்கு இடைவெளி வேண்டும், மினுக்கல் குலுக்கல் ஒன்றும் வேண்டாம். கடைசியில் பார்க்க ஓட்டுத்துண்டு மாதிரி இருந்த ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். கொழும்புக் கடைக்காரன் ஒன்றரை மாதமாகும் என்றான். றிப்தி வருவதற்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. படத்தையும் இலக்கத்தையும் அவனுக்கு அனுப்பி, "இதுதான், வேற ஒண்டும் வேணாம்" என்று எழுதினாள்.

அவன் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க அலைந்து, மூன்றாவது கடையில் அதே இலக்கத்தைக் கண்டுபிடித்து வாங்கிப் பெட்டியைப் படமெடுத்து அனுப்பினான். சொன்ன சாமானைச் சொன்னபடியே வாங்கிய ஆம்பிளை அந்த ஊரில் அதுவரை இருந்ததாக எனக்குத் தெரியாது. ஸஹ்ரா அந்தப் படத்தை நாலு தரம் பெரிதாக்கிப் பார்த்தாள்.

ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பொதி கட்டும் முறை ஒன்று இருக்கிறது. றிப்தியின் அறையில் எட்டுப்பேர், எட்டுப்பேரும் அதில் கைதேர்ந்தவர்கள். எந்தச் சாமானையும் பெட்டியோடு கட்டக்கூடாது. பெட்டி பாரம், பெட்டி இடம், பெட்டியைக் கண்டால் சுங்கத்தில் ஆயிரம் கேள்வி வரும். எல்லாவற்றையும் உரித்து, பாவித்த சாமான் மாதிரி ஆக்கி, துணிக்குள் சுற்றி வைக்க வேண்டும். றிப்தி மதர்போர்டையும் அப்படியே உரித்தான். நடுவில் ஒரு சதுரத்துக்கு மேல் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருந்தது. புதுப் பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் கடதாசி மாதிரி அதுவும் கடைக்காரனின் அலங்காரம் என்று நினைத்துக் கழற்றி எறிந்தான். பிறகு, இருப்பதிலேயே மெத்தென்றதாகப் பார்த்து, உம்மாவுக்கென்று வாங்கிய சிவப்புப் பஞ்சுப் போர்வைக்குள் நாலு மடிப்பாகச் சுற்றினான். தோசைக்கல்லைக்கூட இப்படிப் பத்திரமாக யாரும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

றிப்தி வந்து பொதி உடைக்கிற அன்று சனம் நிறைந்துவிட்டது. றிப்தியின் உம்மா பரீதா தன் பக்கத்து ஆட்களோடு வந்து முன்கதிரையில் அமர்ந்திருந்தார். பால்மா, சவர்க்காரம், தைலம், பேரீச்சம்பழம் எல்லாம் கைமாறி முடிந்தபின் றிப்தி போர்வையை எடுத்து எல்லாருக்கும் நடுவில் விரித்தான்.

"இந்தா புள்ள. ஒரு கீறல் இல்லாமக் கொண்டு வந்தனான்."

ஸஹ்ரா குனிந்து பார்த்தாள். புரொசசர் உட்காரும் சதுரத்தில், அந்த மூடி இருக்க வேண்டிய இடத்தில், தலைமயிரைவிட மெல்லிய ஆயிரத்துச் சொச்சம் ஊசிகளுக்கு இடையில், சிவப்புப் பஞ்சு சிக்கியிருந்தது. போர்வையை இழுத்த பக்கத்துக்கு ஒரு வரிசை ஊசிகள் சாய்ந்து கிடந்தன. நிமிர்ந்தபோது றிப்தியின் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்தாள். அவ்வளவு சனத்துக்கு முன்னால் அந்த மனுசனைக் குறுக்கிப்போட அவளால் ஏலவில்லை.

"நல்லாயிருக்கு," என்று சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள்.

அடுத்தநாள் காலை, வெயில் மேசைக்கு வரும்வரை காத்திருந்து, தையல் ஊசியும் கையுமாக உட்கார்ந்தாள். கைபேசிக் கமெராவில் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து, முதலில் பஞ்சை இழை இழையாக எடுத்தாள். பிறகு சாய்ந்த ஊசிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். பதினொன்று. மூச்சை அடக்கித்தான் தொடவேண்டியிருந்தது. ஒன்பதாவதை நிமிர்த்தும்போது அது நுனியோடு உடைந்து தையல் ஊசியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து றிப்தி தேத்தண்ணியோடு உள்ளே வந்தான்.

"என்ன புள்ள தைக்கிற?"

அவன் மேசையில் வெள்ளைக் கடதாசிமேல் கிடந்த சிவப்பு இழைகளைப் பார்த்தான். பிறகு போர்டைப் பார்த்தான். பதினொரு வருசம் மெசின் திருத்துகிற மனுசனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அந்த மூடி..." என்றான். "அதையா நான் எறிஞ்சனான்?"

"ஓம்."

"நேத்து ஏன் சொல்லல்ல?"

"சொல்லி என்ன செய்ய? எல்லாரும் இருந்தாங்க."

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். "நீ யோசியாத. நான் போன உடனே முதல் வேலையா இதே மாதிரி வேற ஒண்டு வாங்கி அனுப்புறன். வேணுமெண்டா லீவை வெட்டிட்டு முந்தியே போறன்," என்றான்.

ஸஹ்ரா தையல் ஊசியை வைத்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்தது அப்படியே வெளியே வந்துவிட்டது.

"இஞ்சாருங்க, எனக்கு இது எதுக்கெண்டு நினைச்சீங்க? இந்த மெசின் ஓடி, அந்த வேலை கிடைச்சா, நீங்க போகத் தேவல்ல எண்டுதான் நான் மூணு கிழமை நித்திரையில்லாமத் தேடினனான். இதை வாங்கி அனுப்புறதுக்கு நீங்க திரும்பிப் போறதெண்டா எனக்கு இது எதுக்கு? கொண்டுபோய் ஆத்துல போடுங்க!"

சத்தம் கேட்டு ஜுமானா வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டாள். தேத்தண்ணி ஆறிப்போனது.

"நீ இதைச் சொல்லவே இல்லையே," என்றான் றிப்தி.

"கிடைக்காட்டி என்ன செய்யிற எண்டு பயம்."

அவன் கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டான். கைபேசியை வாங்கி, கமெராவை அசையாமல் பிடித்தான். மிச்சம் இரண்டு ஊசியையும் அவள் நிமிர்த்தி முடித்தபோது நடுப்பகல் லுகர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது.

பின்னேரம் எல்லாவற்றையும் பூட்டி ஆளியை அமுக்கினார்கள். மின்விசிறி சுழன்றது, திரை வெளிச்சமானது. ரேம் நாலில் இரண்டைத்தான் அது கண்டுகொண்டது. உடைந்த ஊசியின் கூலி அது. பாதி நினைவகத்தில் அந்தக் குடியிருப்பை ஒரே தடவையில் ஆக்க முடியாது. ஸஹ்ரா கட்டடத்தைத் தனியாக, தோட்டத்தைத் தனியாக, வானத்தைத் தனியாக ஆக்கிப் பிறகு ஒன்றாகச் சேர்த்தாள். ஆறு நாள் பிடித்தது. அந்த ஆறு நாளும் சமையலும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடுவதும் றிப்தியின் வேலை. அவன் காய்ச்சிய மீன் ஆணத்தில் உப்பு ஒருநாளும் சரியாக விழவில்லை, ஜுமானா ஒரு சொல் சொல்லாமல் தின்றாள்.

வியாழக்கிழமை காலை படங்களை அனுப்பிவிட்டு ஸஹ்ரா வெளியே வந்தபோது, றிப்தி முற்றத்தில் நின்று கைபேசியில் இலக்கம் தேடிக்கொண்டிருந்தான்.

"யாருக்கு எடுக்கிறீங்க?"

"கட்டாருக்கு. போர்மனுக்கு."

வேலையை விடப்போகிறான் என்று அவளுக்கு விளங்கியது. "பொறுங்க. மெல்பேர்ன்காரங்கட பதில் இன்னும் வரல்ல. திங்கக்கிழமைதான் சொல்லுவாங்க. இல்லையெண்டு சொன்னா என்ன செய்யிற?"

"இல்லையெண்டா வேற வேலை தேடுவம். கிண்ணியாவில ஏ.சி. பழுதாகிறல்லையா?" அவன் அவளைப் பார்த்தான். "பதில் வந்தாப் பிறகு எடுத்தா, நான் உங்க ரெண்டு பேருக்காக இல்லாம, அந்தப் போர்டுக்காக நிண்ட ஆளாப் போயிருவன். நாளைக்கு ஜுமானா கேட்டா நான் என்னத்தைச் சொல்லுற?"

அவன் அழைப்பை எடுத்தான். சலாம் சொன்னான். பிறகு அரபுப் பாசையில் ஏதோ கதைத்தான், மற்றப்பக்கம் சத்தம் உயர்ந்தது. ஸஹ்ராவுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. வாசலுக்கு வந்த ஜுமானாவும் உம்மாவின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் றிப்தி, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய எல்லா வீட்டிலும் தெரிந்த ஒரு சொல்லைச் சொன்னான்.

"கலாஸ்," என்றான். "முடிஞ்சுது."