சாய்ந்த வீட்டு வின்னி

நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் மரத்துண்டைச் செருகிவிட்டுத்தான் வின்னி பிரீஸ் அம்மாள் சீப்பையே எடுப்பார். இல்லையென்றால் முடி வெட்ட வந்தவர் மெல்ல மெல்ல ஜன்னல் பக்கம் சரிந்துவிடுவார். “தலைய நேரா வை கண்ணு. வீட்டப் பாத்து வெட்டுனேன்னா ஒரு பக்கம் குட்டையாயிடும்.”

இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயரின் குறுகிய தெரு ஒன்றில், நானூறு வருஷத்துக்கும் முன்பு டியூடர் அரசர்கள் காலத்தில் எழுப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன வீடு அது. ஓக் மரச்சட்டம், சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னி, மண் அப்பி, சுண்ணாம்பு அடித்த சுவர். மாடி மட்டும் தெருவுக்குள் இரண்டு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். கீழே கடை, மேலே குடித்தனம். எல்லோரும் தலையைக் குனியும் உத்தரத்துக்குக் கீழே வின்னி நிமிர்ந்தே நடப்பார், அவ்வளவு குள்ளம். குளிரில் மரம் முனகினால், “சரி சரி, கேக்குது” என்று பதில் சொல்வார்.

“வித்துட்டு என்கூட வந்துடும்மா. ஒருநாள் தலைமேல விழப்போகுது” என்பாள் மகள் ஜூடித்.

“என்னவிட அதுக்கு நிதானம் ஜாஸ்திடி.”

போன மார்ச்சில், வழி தவறி வந்த லாரி ஒன்று மாடியின் மூலையில் மோதியது. அப்போது கடையில் வாடிக்கைக்காரர் மார்ஜரி கோர்ஃபீல்ட் தலை நிறைய முடி சுருட்டும் ரோலர்களோடு உட்கார்ந்திருந்தார். மூலைத் தூண் பிளந்தது. சுவரில் ஒரு கட்டம் பொலபொலவென்று உதிர்ந்து, அந்த ஓட்டை வழியே தெரு தெரிந்தது. வீடு ஒருமுறை குலுங்கி, நின்றது.

“நான் போயிட்டேனா வின்னி?” என்றார் மார்ஜரி, கண்ணைத் திறக்காமல்.

“சொர்க்கத்துல இவ்வளவு தூசியா இருக்கும்? எந்திரி, பின்வாசல் வழியா போலாம்.”

வெளியே வந்து பிளந்த தூணைப் பார்த்த பிறகுதான் வின்னி கடைக் கதவைப் பூட்டினார். மகளின் புது வீட்டுக்குப் போனார். அங்கே சமதரையில் நடக்கத் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எந்தச் சத்தமும் இல்லாத வீட்டில் தூக்கம் பிடிக்கவில்லை. “உன் வீட்ட விலைக்குக் கேக்குறாங்கம்மா. வர்றவங்ககிட்ட பேசட்டுமா?” என்று ஜூடித் கேட்டபோது, முதல்முறையாக அவர் மறுத்துப் பேசவில்லை.

தூண் மாற்றி முடிந்ததும் இருவரும் பார்க்கப் போனார்கள். ஆணியே இல்லாமல், மர முளைகளை அறைந்து புதுத் தூணைப் பொருத்தியிருந்தார் தச்சர் டெட் ஹாட்ச்கிஸ்.

“ஜாக்கி வச்சு வீட்டையே நிமித்திடவா? இப்பவே சொல்லிடுங்க.”

“நிமித்திட்டு? என் ஜன்னலும் கதவும் சாய்வுக்குன்னு அறுத்தது. ஒண்ணும் திறக்காது.”

“அதான் வித்துடப் போறோமே அம்மா. வாங்குறவங்க பாத்துக்கட்டும்” என்றாள் ஜூடித்.

வின்னி தூணைத் தடவினார். பச்சை மரம், இன்னும் ஈரம். உள்பக்கம் ஒரு முளை விரல் நீளத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றது. அதை அறுக்க டெட் ரம்பத்தை எடுத்தார்.

வின்னி கோட்டைக் கழற்றி அந்த முளையில் மாட்டினார்.