ஆளில்லாத வள்ளங்கள்

எனக்குக் கைவேலை வரும், பொறுமை வராது. முன்பள்ளியில் படிப்பிப்பதால் எங்கள் பகுதியில் யார் வீட்டுப் பிறந்தநாளானாலும் கடைசியில் என் தலையில்தான் வந்து விடியும். "ரீச்சர், ஒரு மயில் வெட்டித் தாங்கோ." "ரீச்சர், ஒரு கோட்டை கட்டித் தாங்கோ." ஏசிக்கொண்டே வெட்டுவேன், ஏசிக்கொண்டே ஒட்டுவேன். என் தங்கையின் பேபி ஷவருக்கு அலங்காரம் செய்யச் சொன்னபோது மட்டும் வாயில் ஏச்சு வரவில்லை. பயம்தான் வந்தது.

காரணம் இருந்தது. அவளுடைய முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. புது வீட்டுக்குக் குடிபுகுந்து விருந்து வைத்த மறுநாள்தான் அது தெரிந்தது. விருந்துக்கு வந்தவர்களின் கண்ணூறு என்றார் அவளுடைய மாமியார். வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்து உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். இப்போது இரண்டாவது பிள்ளை எட்டைத் தாண்டி ஒன்பதில் நின்றது. இதுவும் போனால் என் தங்கை தாங்கமாட்டாள், அவ்வளவுதான். அப்படியிருக்க, பிள்ளை கைக்கு வந்து சேர முதல் அதற்கொரு விழாவா?

ஆசைப்பட்டது அவள் கணவர். வெளிநாட்டுக் கப்பலில் வேலை. போன முறை பிள்ளையைப் புதைக்கக்கூட வர முடியாமல் நடுக்கடலில் நின்ற மனிசன். "போனிலயாவது ஒரு சந்தோசத்தைப் பாக்கிறன் அக்கா. கடல் தீம்ல செய்யுங்கோ. வள்ளம், மீன், முகில் எல்லாம் வரட்டும்" என்றார். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

"எங்கட ஆக்களுக்கு முந்தி எப்ப உது இருந்தது? இந்தியன் நாடகம் பாத்துப் பாத்து எல்லாரும் வளைகாப்பு எண்டு வெளிக்கிட்டிட்டினம்" என்று மாமியார் முணுமுணுத்தார். நானும் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். மகன் கேட்டதால் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. அலங்காரம் ஏறிய நேரத்திலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் அபசகுனமாக ஒரு சொல் கதைக்கக்கூடாது. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் நல்லதை மட்டும்தான் கதைக்க வேண்டும்.

மாமி இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அரிசி முடிந்தால் முடிந்தது என்று சொல்லக்கூடாது, "நிறைஞ்சுபோச்சு" என்று சொல்ல வேண்டும். கத்தி விரலில் பட்டு "ஐயோ, செத்தன்" என்று நான் கத்தியதற்கு, கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வாயைக் கொப்பளிக்க வைத்தார். தங்கை குசினிக் கதவில் சாய்ந்து நின்று சிரித்தாள். நல்ல காலம், சிரிக்கவாவது செய்கிறாளே என்று நான் இரண்டு தரம் கொப்பளித்தேன்.

வீடு துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில். பின்வளவில் நின்றால் கப்பல்கள் தெரியும். அது கச்சான் காற்று அடிக்கிற காலம். காலையில் தொடங்கினால் பின்னேரம் வரை உடம்பைக் காயவைக்கிற காற்று. டிசு கடதாசியில் செய்த நீலப் பூக்களை மதிலில் காயவைத்துவிட்டு உள்ளே போய் வந்தேன், எங்கள் ஊரில் மாடுகள்போலத் தெருவில் திரிகிற மான்களில் ஒன்று பாதியைத் தின்றுவிட்டு நின்று என்னைப் பார்த்தது. அதன் வாயெல்லாம் நீலம். கல்லெடுத்து எறியப்போனேன், மாமி கையைப் பிடித்தார்.

"பிள்ளைக்கெண்டு செய்ததை வாயில்லாச் சீவன் திண்டிருக்கு. எனக்கு மனம் சரியில்லைப் பிள்ளை."

"மானுக்குப் பசி மாமி. வேற ஒண்டுமில்லை."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் அது பிடிக்கவில்லை. அந்த நீல வாய் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வள்ளங்களை ரெஜிபோம் அட்டையில் வெட்டினேன். வெள்ளை வள்ளம், கடதாசிப் பாய். மீன்பிடிக்கிற தங்கூசி நூலில் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டபோது நூல் கண்ணுக்குத் தெரியவில்லை, வள்ளங்கள் மட்டும் காற்றில் மிதந்தன. நன்றாகத்தான் வந்திருந்தது. என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டு கதிரையை விட்டு இறங்கக்கூட இல்லை, பின்னால் தட்டம் விழுந்த சத்தம் கேட்டது.

"ஆளில்லாத வள்ளத்தை ஆர் பிள்ளை உதில கட்டினது?" மாமியின் முகத்தில் ரத்தமில்லை. "அதுவும் பிள்ளைத்தாச்சி இருக்கிற கதிரைக்கு மேல?"

"அலங்காரம்தானே மாமி" என்றேன். அவர் நிலத்தில் குந்திவிட்டார். தங்கை என்னைக் குசினிக்குள் இழுத்துப்போய்ச் சொன்னபிறகுதான் எனக்கு விஷயம் தெரியும். மாமி சல்லி என்ற மீனவக் கிராமத்துக்காரி. அவருடைய புருஷன் ஒரு நாள் கடலுக்குப் போனார். மறுநாள் வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. வலை மடித்தபடி இருந்ததாம், சோற்றுப் பாத்திரம் திறக்காமல் இருந்ததாம். அன்றிலிருந்து மாமி வெறும் வள்ளத்தைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிவிடுவாராம்.

கழற்றிவிடலாம் என்றால் அதுவும் கூடாது, ஏறிய அலங்காரத்தை இறக்கினால் அது இன்னும் மோசம். ஆகவே நானும் மாமியுமாக இருந்து கடதாசியை முறுக்கி ஆட்கள் செய்தோம். மாமி கண்மை பென்சிலால் ஒவ்வொரு ஆளுக்கும் கண் வைத்தார். "முழிச்சிருக்கட்டும்" என்றார். ஒவ்வொரு வள்ளத்திலும் ஆளை இருத்தி முடிந்ததும் பெருமூச்சு விட்டார். கூரையிலிருந்து அத்தனை கண்களும் கீழே கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு ஆளில்லாத வள்ளமே பரவாயில்லை போலிருந்தது.

இனி அந்த இடுப்புப் பட்டி. வயிற்றுக்கு மேலால் கட்டுகிற கடதாசிப் பூப் பட்டி ஒன்றும் செய்திருந்தேன். வயிறு வளர வளர அளவு மாறும், அதனால் அடிக்கடி கட்டிப் பார்ப்பேன். பட்டியை இறுக்கினால் போதும், உள்ளே இருக்கிற ஆளுக்குக் கோபம் வந்துவிடும். என் கையிலேயே ஒரு உதை. "பெரியம்மாவின்ர குணம்தான் வந்திருக்கு" என்று தங்கை நக்கலடிப்பாள். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு பெருமை.

விழாவன்று காலை நீலச் சேலையில் அவளை அறைக்குள் நிறுத்திப் பட்டியைக் கட்டினேன். உதை வரவில்லை. கொஞ்சம் இறுக்கினேன். இல்லை. கையைப் பரத்தி வைத்துக்கொண்டு நின்றேன். கல்லில் கை வைத்ததுபோல் இருந்தது.

"என்னடி, இண்டைக்கு ஆளின்ர சத்தத்தைக் காணேல்லை?"

"நித்திரையாக்கும்" என்றாள். அவள் பார்வை நிலைக்கண்ணாடியில் இல்லை, கதவில் இருந்தது.

"எப்ப துவங்கி?"

உதடு மட்டும் அசைந்தது. "நேற்றுப் பின்னேரம் துவங்கி."

"எடி விசரி! ஏன் சொல்லேல்லை?"

"நல்ல நாள் அக்கா" என்றாள். கண் நிரம்பி நின்றது, மை கரைந்துவிடும் என்று அதையும் விழவிடாமல் வைத்திருந்தாள்.

அப்போதுதான் மாமி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். விறாந்தையில் ஆட்கள் வந்து நிறைந்துவிட்டார்கள், போனில் மகனும் வந்துவிட்டார், இன்னும் என்ன குசுகுசு என்று கேட்டார்.

"மாமி, பிள்ளை அசையேல்லை."

அவர் பாய்ந்து என் வாயைப் பொத்தினார். சந்தனம் என் உதடெல்லாம் அப்பியது. "வாயைக் கழுவு! சல்லி அம்மாளாச்சி, இவள் சொன்னதை எடுக்காதையம்மா. பிள்ளைத்தாச்சிக்கு முன்னால கதைக்கிற கதையா இது? நல்ல நேரம் போகமுன்னம் ஒரு சோடிக் காப்பாவது போடுவம். பேந்து பாக்கலாம்."

அந்தக் கையைத் தட்டிவிட்டேன். வயது, மரியாதை ஒன்றும் நினைவில் இல்லை. "நல்ல நேரமோ? என்ன கோதாரி நல்ல நேரம்! பிள்ளை சாகப்போகுது மாமி, சாகப்போகுது!" என்று கத்தினேன். போனுக்குள்ளிருந்து "என்ன நடக்குது? அம்மா, என்ன நடக்குது?" என்ற குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

தங்கையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பக்கத்து வீட்டு முஸ்லிம் நானா ஓட்டோ ஓட்டுகிறவர், கதவடியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் கோப்பையை மதிலில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். வழி முழுக்கத் தங்கை வயிற்றில் தட்டித் தட்டி, "எழும்பு குஞ்சு, எழும்பு" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் பட்டியை வெட்டி எறிந்துவிட்டு வயிற்றில் துடிப்புக் கேட்கிற கருவியை வைத்தார். இரைச்சல் மட்டும் வந்தது. இடம் மாற்றினார், மீண்டும் இரைச்சல். பிறகு எங்கோ ஆழத்தில் ஒன்று அடித்தது, நின்றது, யோசித்துவிட்டு மறுபடி அடித்தது. நேர்ஸ் டொக்டரைக் கூப்பிட ஓடினார். வந்த டொக்டர் கேட்டுவிட்டு ஒரே சொல்தான் சொன்னார்: "தியேட்டர்." தங்கையை அறுவைக்கு உருட்டிக்கொண்டு போனார்கள்.

மாமி பின்னால் வந்து சேர்ந்தார். வாங்குப் பலகையின் அடுத்த முனையில் இருந்துகொண்டு, என்னைப் பாராமலே சொன்னார். "பிள்ளைக்கு ஒண்டு நடந்தா உன்ர வாய்தான். சாகும் எண்டு சொன்னனியல்லோ. அலங்கரிச்ச வீட்டுக்குள்ள நிண்டு சொன்னனியல்லோ."

படித்தவள்தான், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள்தான். ஆனாலும் அந்த வாங்கில் இருந்தபோது, மாமி சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்று நானும் பயந்தேன். சந்தனம் உதட்டில் காய்ந்து இழுத்தது.

பெண் பிள்ளை. உயிரோடு. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றி இறுக்கியிருந்ததாம். கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தொடங்கிய டொக்டர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்; தூரத்தில் நின்று பார்க்கத்தான் விட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பின்னேரம் தங்கைக்கு மயக்கம் தெளிந்தது. மாமி சுடுதண்ணிப் போத்தலோடு வந்து அவள் தலையைத் தடவினார். "அம்மாளாச்சி காப்பாத்திப்போட்டா. உன்ர அக்காவின்ர வாய்க்கு வேற மாதிரி முடிஞ்சிருக்கும். இனியாவது இந்த வீட்டில நல்லதை மட்டும் கதைப்பம்" என்றார்.

தங்கை கண் திறக்காமலே கிடந்தாள். நித்திரை என்று நினைத்தோம்.

"முதல் பிள்ளையும் இப்பிடித்தான் மாமி" என்றாள்.

"என்னது?"

"குடிபூந்த அண்டு விடியத் துவங்கி அசையேல்லை. நல்லதைக் கதையுங்கோ, நல்லதைக் கதையுங்கோ எண்டு நீங்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனியள். எனக்குச் சொல்ல ஏலாமப் போச்சு. ஆக்கள் எல்லாம் போனாப் பிறகுதான் சொன்னனான்."

மாமியின் கை அவள் தலையில் அப்படியே நின்றது. வார்டில் யாரோ ஒரு பிள்ளைக்குத் தாலாட்டிக்கொண்டிருந்தார்கள். மாமி குனிந்து, எனக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

"அண்டைக்கு, நீ எங்களுக்கு விருந்து பரிமாறேக்க, அதுக்கு உயிர் இருந்ததோ பிள்ளை?"

"தெரியாது மாமி" என்றாள் தங்கை. "ஒருத்தரும் பாக்கேல்லையே."